சக்கர வீடும் கம்பளிப் போர்வையும்

அமெரிக்க நாட்டுச் சாலைகளிலே, கோடை பிறந்துவிட்டால், ஒரு காட்சி. முன்னே ஒரு கார். பின்னே, தாயைத் தொடர்ந்தோடும் கன்று போல, ஒரு சிறு வீடு! நீளம் 16 அடி இருக்கும். சக்கரம் இரண்டே இரண்டு. உள்ளே கட்டில் உண்டு, மெத்தை உண்டு, அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு, மூலையிலே கழிப்பறையும் உண்டு. டிரெய்லர் என்பார்கள். விலை கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதில்லை. ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். பள்ளி ஆசிரியரும் அலுவலக எழுத்தரும் மனைவி மக்களோடு புறப்பட்டு, மலை கண்டு, மரம் கண்டு, ஏரி கண்டு, இரவெல்லாம் இதமாக உறங்கி, வாரம் முடிந்ததும் சாவியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர்.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் அந்நாட்டிலும் உண்டு. "காட்டுக்கு வந்தவனுக்குக் கட்டில் எதற்கு? தரையிலே படுத்தால்தானே இயற்கையின் மடியிலே படுத்ததாகும்?" என்று கேட்பர். உடலை வருத்தினால் உள்ளம் உயரும் என்ற பழைய பல்லவியின் புதிய மெட்டு இது! முள்ளின்மேல் கிடந்தவனை முனிவன் என்று போற்றிய மனப்பான்மை, கூடாரத்தின் ஈரத்தரைக்கும் புனிதம் பூசுகிறது. முதுகு வலியிலே பிறந்த மெய்யறிவு எதுவென்று எவரும் இதுவரை எடுத்துக்காட்டியதில்லை.

மேலும், அந்த இதம் சோம்பலிலே விளைந்ததுமன்று. வண்டியின் மொத்த எடையிலே நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, காரோடு பிணைக்கும் முன்முனையிலே அழுந்த வேண்டும். குறைந்தால் பின்வண்டி பாம்பு போல் நெளிந்து காரையே கவிழ்த்துவிடும். ஆகவே எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்று கணக்கிட்டுப் பாரம் ஏற்றுகிறார்கள். தங்குமிடம் சேர்ந்ததும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தரையின் சரிவை அளந்து, வண்டியை மட்டப்படுத்துகிறார்கள். நல்ல நீருக்கு ஒரு தொட்டி, குளித்த நீருக்கு ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி. வரம் வேண்டிப் பெற்ற சுகமா இது? மனிதன் எண்ணிச் செய்த சுகம்!

ஸ்காத்லாந்து மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885ஆம் ஆண்டிலே குதிரை பூட்டிய சக்கர வீட்டில் இன்பப் பயணம் புறப்பட்டபோது, வண்டியோட்ட ஓர் ஆளும் பணிவிடைக்கு ஓர் ஆளும் உடன் சென்றனர். அன்று ஏவலாளர் வைத்திருந்த சீமானுக்குக் கிட்டியது, இன்று எழுத்தருக்கு வாடகைக்குக் கிட்டுகிறது. ஒருவனே பூட்டி வைத்துக்கொள்ளாமல், ஒரே வண்டியைப் பல குடும்பங்கள் மாறி மாறித் துய்க்கின்றன. வரவேற்க வேண்டிய மாறுதல்தான்.

ஆயினும், "சுகம் வேண்டுமா, வேண்டாமா?" என்ற வினாவை முடித்துவிட்டு எழுந்துவிட முடியவில்லை. அதன் பின்னே இன்னொரு வினா நிற்கிறது: "சுகம் யாருக்கு?"

திறந்தவெளியிலே தங்கும் இன்பத்துக்கும் அந்நாட்டிலே நிறம் இருந்தது. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில், லூயிஸ் மலை என்ற இடத்தை 1939ஆம் ஆண்டிலே கருப்பின மக்களுக்கென்று தனியே ஒதுக்கினர். வானம் பொது, காற்று பொது, கூடாரம் அடிக்கும் தரை மட்டும் தனி! அந்த ஒதுக்கல் 1950ஆம் ஆண்டளவில்தான் ஒழிந்தது. கருப்பர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே உண்ணலாம் என்பதைச் சொல்ல 1936ஆம் ஆண்டு முதல் ஒரு கையேடே வெளியிட வேண்டியிருந்தது. அச்சிட்டவர் விக்டர் கிரீன் என்னும் நியூயார்க் தபால் ஊழியர். பயணத்துக்குப் புறப்படுமுன் பிறர் வரைபடத்தைப் பார்த்தனர். அவர்கள் அவமானம் எங்கெங்கே காத்திருக்கிறது என்று பார்த்தனர்.

அது பழங்கதை என்பீர்கள். அண்மைக் கதைக்கு வருவோம்.

ஆரெகன் மாநிலத்தில் கிரேட்டர் ஏரி என்று ஒன்று. எரிமலை உள்வாங்கிச் சரிந்த பள்ளத்திலே நிரம்பிய நீலநீர். 1943 அடி ஆழம். 1902ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. மேற்குக் கடற்கரையின் ரெட்வுட் காடுகளைப் பார்த்துவிட்டு அந்த ஏரிக்குச் செல்வோர் வழியிலே கடக்கும் ஊர் கிராண்ட்ஸ் பாஸ். மக்கள் ஏறத்தாழ 38,000 பேர். அவர்களிலே, எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், 600 பேருக்கு வீடில்லை என்பது வழக்குமன்றத்தில் பதிவான மதிப்பீடு.

அந்த ஊரிலே ஒரு விதி இருந்தது. பொது இடத்திலே, தற்காலிகமாகத் தங்கும் பொருட்டுப் படுக்கை விரித்தால் அது 'முகாமிடுதல்', முகாமிடுதல் குற்றம். கம்பளி ஒன்று போதும், குற்றம் நிறைவேறிவிடும்! அபராதம் 295 டாலர். கட்டத் தவறினால் 537 டாலருக்கு மேல். மீண்டும் மீண்டும் அகப்பட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை. தடையை மீறினால் 30 நாள் வரை சிறை. அப்படியானால் அவர்கள் எங்கேதான் படுப்பது? நகராட்சி விடுதி கிடையாது. சமயத் தொண்டு விடுதி ஒன்று உண்டு; அங்கே இடம்பெற வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும். ஆண்டவனை வணங்கினால் கூரை, வணங்காவிட்டால் தெரு!

வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், அறுவர் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாக நின்று, நகராட்சியின் விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பெரும்பான்மை நீதிபதிகள் கூறிய காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த விதி வீடற்றவன் என்று பார்த்துத் தண்டிக்கவில்லையாம், விடுமுறைப் பயணி படுத்தாலும், போராட்டத்துக்கு வந்த மாணவன் படுத்தாலும், அவர்களுக்கும் அதே தண்டனையாம்!

எழுத்தின்படி அது உண்மை. ஆனால் விடுமுறைப் பயணியின் சட்டைப் பையிலே வாடகை வண்டியின் சாவி இருக்கிறது; ஊரிலே வீட்டின் சாவியும் இருக்கிறது. பூங்காவில் படுக்காதே என்றால் அவன் வேறிடம் போவான். மற்றவனுக்கு அந்த வேறிடம்தான் இல்லை. ஒரே செயல், வானத்தின் கீழ் ஓர் இரவு. கட்டணம் செலுத்தியவனுக்கு அதன் பெயர் இன்பச் சுற்றுலா. செலுத்த முடியாதவனுக்கு அதன் பெயர் குற்றம். தண்டிக்கப்பட்டது உறக்கமா, வறுமையா?

ஊராரின் முறையீட்டையும் ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தைகள் விளையாடும் பூங்காவிலே குப்பையும் கழிவும் கிடந்தால், எந்தத் தாய்தான் பொறுப்பாள்? அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஆனால் சக்கர வீட்டுக் குடும்பத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் தங்கிய இடம் தூய்மையாக இருக்கிறதே, ஏன்? பண்பிலே உயர்ந்தவர்கள் என்பதாலா? கழிவுக்குத் தொட்டி இருக்கிறது; தொட்டியைக் கொட்டித் தீர்க்கக் குழி இருக்கிறது; கைகழுவக் குழாய் இருக்கிறது; குப்பைக்குப் பெட்டி இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு அதே குடும்பத்தை ஒரு மாதம் அங்கேயே வைத்துப் பாருங்கள். தூய்மை வசதியின் பிள்ளை. அது இல்லாதவனைப் பார்த்து, "நீ அசுத்தன், ஆகவே உனக்கு இடமில்லை" என்பது, காலை ஒடித்துவிட்டு நொண்டுகிறான் என்று நகைப்பதாகும்.

அப்படியானால் அந்த எழுத்தர் தம் பயணத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன். அவர் மெத்தையை விட்டு இறங்கித் தரையில் படுப்பதனால், தரையில் கிடப்பவனுக்கு மெத்தை வந்துவிடாது. வருந்துவோரின் எண்ணிக்கையிலே ஒன்று கூடும், அவ்வளவே. ஆனால் அவருக்கு ஒன்று தெரியும்; நீதிபதிகளைவிட நன்றாகவே தெரியும். ஒரு குடும்பம் மானத்தோடு இரவைக் கழிக்க எவ்வளவு வேண்டும் என்பது அவர் அளந்து பார்த்த செய்தி: 16 அடி நீளம், மட்டமான தரை, நீர்த்தொட்டி, கழிவுக்குழி, நள்ளிரவிலே கதவைத் தட்டி எவரும் எழுப்பமாட்டார் என்ற உறுதி. ஊர் திரும்பியதும், நகராட்சிக் கூட்டத்திலே எழுந்து, அந்தக் கணக்கை அவர் சொல்லலாம். பயணத்தைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசுவதைவிட அது கடினம்தான்.

கிராண்ட்ஸ் பாஸ் நகரில் 2018ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தவர்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. போக வேறிடமில்லாத இரவிலே எங்களைத் தண்டிக்காதீர்கள் என்று மட்டுமே கேட்டனர். அவர்களுள் ஒரு பெண்மணியின் பேரில் 5000 டாலருக்கு மேல் அபராதம் நிலுவையில் நின்றது. தீர்ப்பைக் காணாமலே, 2021ஆம் ஆண்டில், அவர் மறைந்துவிட்டார்.