எச்சரித்தவரின் குற்றம்

ஆண்டு நிறைவுகளில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. முதல் விமானம், முதல் நிலவுப் பயணம் என்று நாட்காட்டி முழுக்க வெற்றிகள்தான். ஜனவரி 28 மட்டும் வேறு மாதிரி.

1986இல் அன்று காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73ஆம் நொடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதன் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவுதான் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடியிருந்தார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், மூட்டுகளை அடைக்காது என்பது அவர்கள் கவலை. நாசா அதிருப்தி காட்டியதும் மேலாளர்கள் பரிந்துரையை மாற்றினார்கள்.

அந்தப் பொறியாளர்களில் ஒருவரான பாப் எபெலிங், அது வெடிக்கப்போகிறது என்று அன்றிரவே மனைவியிடம் சொன்னார். பிறகு முப்பது ஆண்டுகள் தன்னையே குற்றவாளியாக எண்ணி வாழ்ந்தார்.

சம்மதித்தவர்களுக்கு ஏதாவதொரு நியாயம் கிடைத்துவிடுகிறது. தடுத்தவருக்குத்தான், இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அது அநியாயம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் நானும் ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஆட்சேபத்தை மின்னஞ்சலில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அது யாரைக் காப்பாற்ற எழுதிய மின்னஞ்சல்? பெரும்பாலும் என்னைத்தான். எபெலிங்குக்கு அந்தத் தூக்கம் வாய்க்கவில்லை.

2016இல், முப்பதாம் ஆண்டையொட்டி, அவர் வானொலியில் பேசினார். கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் எழுதினார்கள், மகள் வாசித்துக்காட்டினார். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. அந்த மார்ச்சிலேயே, 89 வயதில், இறந்துபோனார்.