கூடத்தைவிட்டு வெளியே போனவர்கள்

ஐந்நூறு வருஷம் நின்ற ஒரு வீட்டைப் "பழைய நிலைக்குக் கொண்டுவருவோம்" என்கிறார்கள். எந்தப் பழைய நிலை? அது யாருக்கு நல்லதாக இருந்த நிலை? இங்கிலாந்தின் பண்ணைவீடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. கட்டடக்கலை தெரிந்தவர்கள் ஓக் மரச்சட்டத்தையும் அதன் மூட்டுகளையும் பார்த்து வியக்கிறார்கள். வியக்கட்டும். எந்த வீட்டு வரைபடத்திலும் என் கண்ணு முதல்ல தேடுவது பின்வாசலைத்தான். வேலையாள் எந்த வழியா உள்ளே வந்தான், எங்க உட்கார்ந்து சாப்பிட்டான், ராத்திரி எங்க படுத்தான்? நம்ம தெருவுலேர்ந்து படிக்க வந்தவங்களுக்கு இது பழக்கம்.

கெண்ட், சசெக்ஸ் பக்கம் 15ஆம் நூற்றாண்டில் வசதியான குடியானவன் கட்டிய வீடு இப்படி இருந்தது: மரச்சட்டங்களுக்கு இடையில் குச்சிகளைப் பின்னி மண் அப்பிய சுவர். நடுவில் கூரைவரை திறந்த கூடம். தரையிலேயே அடுப்பு, புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத்தான் கசியும். கூடத்தின் ஒரு கோடியில் எசமானர் மேசை, அதற்குப் பின்னால் அவர் குடும்பத்து அறை. மறுகோடியில் குறுக்கு நடை, அதைத் தாண்டிச் சரக்கறைகள். ஒரே கூரை, ஒரே நெருப்பு. ஆனா மேல்கோடி, கீழ்க்கோடி இருந்தது.

வருஷக்கூலிக்கு அமர்ந்த, கல்யாணமாகாத இளவட்டங்கள், ஆணும் பெண்ணுமாக, அந்த வீட்டிலேயே தின்று அங்கேயே தூங்கினார்கள். பண்ணையாள் என்று எழுதக் கை வருது. ஆனால் நம்ம ஊர்ப் பண்ணையாள் வேற. அங்கே அது இளமையில் சில வருஷம் பார்க்கும் வேலை, பிறப்போடு ஒட்டிக்கொண்டதில்லை. எசமானர் கூடத்துக்குள்ளேயே சாப்பிட்டான்; யாருக்கும் தீட்டுப்படவில்லை. இந்த வித்தியாசத்தை மழுப்பிவிட்டு ஒப்பிட்டால் அது பொய். அதுக்காக அது சமத்துவமும் இல்லை. 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேசின காலம் முடியாமல் வேலையை விட்டுப் போனால் சிறை.

பிறகு வீடு மாறியது. 1570க்கும் 1640க்கும் இடையில் கிராமப்புற இங்கிலாந்தே மறுபடி கட்டப்பட்டது என்று ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதினார். அந்தத் தேதிகளோடு பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். அது கிடக்கட்டும். திறந்த கூடத்துக்குள் செங்கல் புகைபோக்கியைச் செருகினார்கள். புகைக்கு வழி பிறந்ததும் தலைக்குமேல் தளம் போட்டு மாடி எடுத்தார்கள். இன்றும் பல வீடுகளில் பரண்மேல் ஏறினால் கைமரங்கள் கரியேறிக் கிடக்கும்; ஒருகாலத்தில் கீழே திறந்த கூடம் இருந்தது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கதகதப்பு கூடியது. அறைகளும் கூடின. அறை கூடினால் கதவு கூடும். யார் எந்தக் கதவுக்கு என்பதும் கூடவே வரும். குடும்பத்துக்கு முன்னறை, ஆட்களுக்குச் சமையற்கட்டு. சில வீடுகளில் சமையற்கட்டுக்கு மேலே வேலைக்காரப் பையன்கள் படுக்க ஓர் அறை, அதற்குத் தனிப் படிக்கட்டு. அங்கிருந்து குடும்பத்தார் படுக்கும் பக்கம் போக வழியே இருக்காது.

அடுத்தது வீட்டைவிட்டே வெளியே. 1793 முதல் 1815 வரை பிரான்சோடு நடந்த போர்க்காலத்தில் தானிய விலை ஏறியது. ஆளுக்குச் சோறு போடுவதைவிட நாள்கூலி கொடுத்து அனுப்புவது லாபம். இன்னொன்றும் உண்டு. முழு வருஷம் வேலை பார்த்தவனுக்கு அந்த ஊரில் ஏழை நிவாரணம் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆகவே பலர் ஆளை ஒரு வாரம் குறைத்து அமர்த்தினார்கள். (முதலாளி மூளை எந்தத் தேசத்திலும் இப்படித்தான் ஓடுது.)

1825 அக்டோபரில் ரைகேட் அருகே ஏலத்துக்கு வந்த ஒரு பண்ணைவீட்டைப் பார்த்து வில்லியம் காபெட் கொதித்து எழுதினார். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நீண்ட ஓக் மேசை இனி யாருக்கும் வேண்டாததாகி, கம்பளம் விரித்த முன்னறை வந்துவிட்டதே என்பது அவர் ஆத்திரம். ஆத்திரம் நியாயம். ஆனால் அந்த மேசையின் தலைமாட்டில் எசமானர் உட்கார்ந்திருந்தது அவருக்கு உறுத்தவில்லை. கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகப் போராடியவர்களைப் பல வருஷம் ஏசி எழுதிய கையும் அதே கைதான். ஐந்து வருஷம் கழித்து, 1830 ஆகஸ்டில், கெண்டில் கூலிகள் கதிரடிக்கும் எந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். கலகம் தெற்கெங்கும் பரவியது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கெண்டில் சிடிங்ஸ்டன் ஊர்ப்பக்கம் இருந்த பேலீஃப் என்ற பண்ணைவீடு, நீர்த்தேக்கம் வந்ததால் 1960களின் கடைசியில் பிரிக்கப்பட்டு, சசெக்ஸில் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தப்பட்டது. 1540 வாக்கில் இருந்த தோற்றத்தில், நடுவே நெருப்பு எரியும் திறந்த கூடத்தோடு. வேலை நேர்த்தி, ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவுமில்லை. ஆனால் பார்க்க வருபவர் மனதில் நிற்பது எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி இருந்த காலம். பிற்பாடு பிரித்து வைத்த கதைக்கு அந்த வீட்டில் இடமில்லை.

வில்லியம் மாரிஸ் 1877இல் சங்கம் தொடங்கியதே இந்த மாதிரிச் சுரண்டலுக்கு எதிராகத்தான். ஒவ்வொரு காலமும் சேர்த்ததை விட்டுவை என்றார். அவர் கவலை பெரும்பாலும் தேவாலயங்களைப் பற்றியது. நான் அதைத் தனிப் படிக்கட்டுக்கும் சொல்வேன். இன்று பல பண்ணைவீடுகளில் விவசாயம் இல்லை. வாங்குபவருக்கு விசாலமான சமையலறை வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டில் உள்சுவரை இடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும், வாங்கி இடிக்கிறார்கள்.

அவமானப்படுத்திய சுவரை எதுக்குக் காப்பாத்தணும், இடிச்சுத் தள்ளுங்க என்று நம்மில் சிலர் கேட்பார்கள். ஒருத்தரை இன்னமும் மறிக்கிற சுவர் என்றால் நானும் கடப்பாரை எடுத்து வருவேன். இந்தச் சுவர் இப்போது யாரையும் மறிக்கவில்லை. இதை இடித்தால் உடைமைக்காரனுக்குப் பெரிய அறையும் கிடைக்கும், சுத்தமான பூர்வீகமும் கிடைக்கும். இரண்டாவதை இலவசமாக ஏன் கொடுக்கணும்?

ஏனென்றால் வேலையாள் பக்கத்துச் சாட்சி மிகக் கொஞ்சம். 1700க்கு முந்திய கூலிக் குடிசைகள் அனேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. சிங்கிள்டனில் அதே அருங்காட்சியகத்தில் ஹேங்கிள்டன் குடிசை என்று ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு ஏழைக் குடியானவர் வீடு என்று காட்டுகிறார்கள். பிரைட்டன் பக்கத்தில் தோண்டியபோது கிடைத்த அடித்தளங்களை வைத்துப் புதிதாகக் கட்டியது அது. கூரை முழுக்க ஊகம்.