ஊட்டாத கையும் உபசாரமே!

ஓசூருக்குத் தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது தளி. கோடையிலும் சிலுசிலுவென்று காற்று வீசுகிற மேட்டுப் பூமி. 'குட்டி இங்கிலாந்து' என்று அந்த ஊருக்குச் செல்லப் பெயர் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். சுற்றுவட்டாரத்தில் ரோஜாத் தோட்டங்கள். என் அக்கா அங்கேதான் குடியிருக்கிறாள்.

அக்கா வீட்டுக்காரரை நான் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை துவண்டு விழுந்தது. பக்கவாதம்! பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தது தெய்வ சங்கல்பம். மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமாவுக்கு முன்னால் தட்டில் இரண்டு இட்லி. ஒரு விள்ளலை எடுக்க வலது கை தவியாய்த் தவிக்கிறது. எடுத்தது பாதி வழியில் மடியில் விழுகிறது. மறுபடி எடுக்கிறார். அக்காவோ எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முக்கால் மணி நேரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே அக்கா... ரெண்டு வாய் ஊட்டி விட்டா குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா பதில் பேசாமல் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஊட்டறது எனக்குச் சுலபம்டி. பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றதுதான் கஷ்டம். ஆனா, நான் ஊட்டிக்கிட்டே இருந்தா அந்தக் கை எப்படிக் கத்துக்கும்?"

சுருக்கென்றது. அன்று முதல் என் மனதில் ஒரு கேள்வி. நோயிலிருந்து மீள்கிறவருக்கு எது உதவி? எல்லாவற்றையும் நாமே செய்வதா, அல்லது செய்யாமல் பக்கத்தில் இருப்பதா?

அக்காவின் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. பக்கவாதத்தில் பழுதானது கை அல்ல. கைக்கு ஆணையிடுகிற மூளையின் பகுதி. மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையை மெதுவாகக் கற்றுக்கொள்ளும். ஆனால், திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். முதல் சில மாதங்களில்தான் இந்த முன்னேற்றம் அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்த நேரத்தில் நாம் பரிவோடு எல்லாவற்றையும் செய்து கொடுத்தால், கைக்குப் பயிற்சி இல்லாமல் போகும்.

அதற்காக ஆரம்பத்திலேயே கைகட்டி உட்கார்வது தர்மம் ஆகாது. படுத்த படுக்கையாய் இருந்த நாட்களில், படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்தவள் இதே அக்காதான். விழுங்கும் சக்தி சரியாகும்வரை மருத்துவர் சொன்ன பக்குவத்தில் ஆகாரம் கொடுத்தாள். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு ராகிக் களி உயிர். மாமாவும் கேட்டு அடம்பிடித்தார். ஆனால், களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதானே வழக்கம்? புரையேறி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கோயில் பிரசாதமே ஆனாலும், படுத்திருப்பவர் வாயில் அப்படியே போடக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். எப்போது செய்ய வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதை மருத்துவரிடமும், பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டாள் அக்கா.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. 95-வது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் ஒரு கணக்குச் சொல்கிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார்.

கவனித்தீர்களா? ராத்திரி கண்விழித்து மாத்திரை கொடுக்கும் நம்மை, பெரிய மருத்துவருக்குச் சமமாக உட்கார வைத்துவிட்டார்! அதே நேரத்தில், நம் பங்கு நான்கில் ஒன்றுதான். நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அவர் கை இட்லியோடு போராடுவது அவருடைய பங்கு. அக்கா கையைக் கட்டிக்கொண்டது அந்தப் பங்குக்குக் கொடுத்த மரியாதை.

இந்த இடத்தில் திலகவதியார் நினைவுக்கு வருகிறார். திருவாமூரில் பிறந்து, பெற்றோரையும் மணம் பேசப்பட்ட கலிப்பகையாரையும் இழந்து, தம்பி மருள்நீக்கியாருக்காகவே உயிர் தரித்தவர். தம்பியோ சமண சமயம் சேர்ந்து தருமசேனர் ஆனார். பிறகு சூலை நோய் அவரை வாட்டியது. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். 'அந்த மடத்துக்கு நான் வரமாட்டேன்' என்றார் திலகவதியார். காரணம் சமயம்தான். ஆனால், அந்த மறுப்பினால் என்ன நடந்தது? வலியால் துடித்தவர் தானே எழுந்து, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். வந்தவரை அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். வீரட்டானேசுவரர் சந்நிதிக்கு அழைத்துப் போனார். பதிகம் பாடியது யார்? தம்பி. அக்கா அவருக்காகப் பாடவில்லை. அவர் பாடுவதற்கு வழி விட்டார். நமக்கு அப்பர் பெருமான் கிடைத்தார்!

இன்னொன்றும் உண்டு. தம்பி வந்துவிட்டாரே என்று திலகவதியார் தன் நித்திய கைங்கர்யத்தை விடவில்லை. விடியலில் அலகும் மெழுக்குச் சாணமும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் திருக்கோயில் திருப்பணிக்குப் புறப்பட்டார். தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டார். கவனிப்பவருக்கும் தனக்கென்று ஒன்று வேண்டும் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால், நம் அக்காமார்களை அரித்துத் தின்கிற கவலை வேறு. "வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை விட்டுப்போச்சு. பிரதோஷத்துக்கு ஓசூர் மலைக்குப் போய் சந்திரசூடேஸ்வரரைப் பார்த்து எத்தனை மாசமாச்சு! சாமி குத்தம் ஆயிடுமோ?" என்று அக்கா புலம்பினாள். போதாக்குறைக்கு விரதம் வேறு. பட்டினி கிடந்து, மாமாவைத் தாங்கிப் பிடிக்கும்போது தலை சுற்றி இருவருமே விழப் பார்த்தார்களாம்!

பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிற அஜ்ஜி ஒருவர். அவர்தான் பாண்டுரங்கன் கதையைச் சொல்லி அக்காவைத் தேற்றினார். புண்டலீகன் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறான். வாசலில் பகவானே வந்து நிற்கிறார். இவன் எழுந்து ஓடவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, 'இதன்மேல் நில்லுங்கள், வேலை முடிந்து வருகிறேன்' என்கிறான். பகவானுக்குக் கோபம் வந்ததா? இல்லையே! இடுப்பில் கை வைத்தபடி இன்றைக்கும் பண்டரிபுரத்தில் அந்தச் செங்கல்மேல்தான் நிற்கிறார்.

"உங்க சாமியும் நிப்பார்ம்மா, நீ சாப்பிடு" என்றாராம் அஜ்ஜி.

காத்திருக்கத் தெரிந்தவர் கடவுள். நோயாளிக்கு மாத்திரை நேரம் காத்திருக்காது. இதில் பாவம் எங்கே வந்தது?

"எனக்குக் கோபம் வருதுடி. சில ராத்திரி, ஏன்தான் பொழைச்சாரோன்னுகூட தோணிடுது..." என்று சொல்லிவிட்டு நடுங்கினாள் அக்கா. சகோதரிகளே, இந்த எண்ணம் வந்தவர்கள் தங்களைப் பாவி என்று சபித்துக்கொள்ள வேண்டாம். அது தூக்கம் கெட்ட உடம்பின் முனகல். அதற்குப் பரிகாரம், பாரத்தைப் பங்கு போடுவது. மகனிடம் ஒரு ராத்திரியை ஒப்படையுங்கள். நாத்தனாரை ஒரு வாரம் கூப்பிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது, அக்கா இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள், இயன்முறைப் பயிற்சி, படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பு ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் அது. உதவி கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல. நோயாளியின் முகமும் வாடியே இருந்தால், 'கர்ம வினை' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம். அதற்கும் வைத்தியம் உண்டு.

'இத்தனை செய்தும் அந்தக் கை பழையபடி ஆகவில்லை என்றால்?' என்று கேட்கலாம். ஆகாமலும் போகலாம். அப்போதும் நம் பங்கு வீணாகாது. நான்கில் ஒன்றுக்குத்தான் நாம் பொறுப்பு. முழுப் பலனுக்கும் நம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

போன முறை தளிக்குப் போனபோது ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை அறைக்கு முன்னால் நாற்காலி போட்டு மாமாவை உட்கார வைத்திருந்தாள் அக்கா. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய உதிரி ரோஜா. அக்கா அம்பாள் நாமாவளி சொல்லச் சொல்ல, மாமா கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு பூவாக எடுத்துப் போட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த அதே விரல் பயிற்சி! முதல் வெள்ளிக்கிழமை 27 பூவோடு கை ஓய்ந்துவிட்டதாம். அன்றைக்கு 60-ஐத் தாண்டியது. பாதிப் பூ அம்பாள் பாதத்தில், பாதி தரையில். குழறிக் குழறி 'போற்றி' என்றார் மாமா.

தரையில் விழுந்த பூவை எடுக்க நான் சட்டென்று குனிந்தேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இரு... அவரே எடுப்பார்."

எடுத்தார். கொஞ்சம் நேரமாயிற்று. அம்பாள் காத்திருந்தாள்.