ஓடாத காரின் மதிப்பு

கோவில்பட்டிப் பக்கத்து அன்பர் ஒருவர் சென்ற கோடையில் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். பின்கட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற அம்பாசிடர் காரைக் காட்டினார். தீப்பெட்டித் தொழிலில் சேர்த்த பணத்தில் அவருடைய தந்தையார் 1974-இல் வாங்கியது. முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டி என்பதால், ஞாயிறு பூசைக்கும் திருமண வீடுகளுக்கும் மட்டுமே அதை வெளியே எடுப்பாராம். அவர் மறைந்தபின் அதுவும் நின்றது. இன்றும் மீட்டர் 11,000 கிலோமீட்டரைச் சற்றே கடந்து நிற்கிறது.

வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்கிறார். இனி ஒரு கிலோமீட்டரும் ஏறலாகாது என்பது அவருடைய நிபந்தனை. அன்பரின் எண்பது வயதுத் தாயாரோ, வரும் ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்குக் கணவரின் வண்டியில் ஒருமுறை போய்வர வேண்டும் என்கிறார். "சாமி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார் அன்பர்.

எளிய வழக்கு என்றே முதலில் எண்ணினோம். பொருளாசையைக் கண்டித்து இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தி வந்துவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் அப்பணம் இளைய மகளின் கல்லூரிப் படிப்புக்கு வேண்டியிருந்தது. அதைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சேகரிப்பாளர் பக்கமும் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டி, வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர், 1958 முதல் நம் சாலைகளில் ஓடியது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. இனி அது பிறக்கப்போவதில்லை. வண்ணம் மங்கினால் புதிதாகப் பூசலாம். ஆலையில் பூசிய முதல் வண்ணம் திரும்பி வராது. கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் நின்றபடியே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றன. அரசும் 2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை வகுத்தது. அவ்வாறு பதிந்தவை கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் சாலைக்கு வரலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகா. ஆகவே காத்து வைத்தலைப் பயனற்ற செயல் என்று தள்ளிவிட முடியாது. பலர் காணக் காக்கப்படுவதும் ஒரு பயன்பாடே.

ஆனால் தார்ப்பாய்க்குள் நிற்பதை யார் காண்கிறார்? நிற்பதனாலேயே அது கெடாமலும் இல்லை. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாய்ப் படிகிறது. ரப்பர் வெடிக்கிறது, பாரம் தாங்கிய இடத்தில் டயர் தட்டையாகிறது, மின்கம்பிகளை எலி கடிக்கிறது. இவற்றுள் ஒன்றும் மீட்டரில் ஏறுவதில்லை. தாலந்தைப் புதைத்தவனாவது வாங்கியதை வாங்கியபடியே திருப்பித் தந்தான். புதைத்த கார் அப்படித் திரும்பாது.

நம் கரிசல் சம்சாரி கம்பைக் குலுக்கையில் காத்தான். பஞ்சத்திலும் விதையைத் தொடாதிருக்க முயன்றான். ஆயினும் மழை விழுந்ததும் அதை மண்ணில் போட்டான். ஓடாத காரை வாங்குகிறவரோ அதே எண்ணைக் காட்டி அடுத்தவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. அந்த வரிசையில் ஏறி அமர்கிறவர் எவருமில்லை. பயன்படுத்தத் தக்கவை எவை, அவற்றிற்காகவே அன்பு செய்யத் தக்கவை எவை என்று புனித அகுஸ்தினார் பிரித்துக் காட்டினார். இந்தக் கார் இரண்டிலும் சேராது நிற்கிறது.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவுதான். குருப்பட்ட நாளில் நம் அன்னையார் தந்த தோள்பட்டையைப் பெருவிழாக்களுக்கென்று பெட்டியில் வைத்தோம். எந்தப் பெருவிழாவும் போதிய பெருவிழாவாகத் தோன்றவில்லை. அவர் இறந்த ஆண்டில் எடுத்துப் பார்த்தபோது மடிப்புகள் பழுத்து இழை விட்டிருந்தன. அதை நாம் அணிந்து அவர் கண்டதே இல்லை.

இதற்கிடையில் மெக்கானிக் ஒருவர் எளிய வழி சொல்லிவிட்டார்: "மீட்டர் கேபிளை ஒருநாள் கழற்றி வச்சிரலாம்ணே." தாயார் திருவிழாவுக்குப் போவார், எண் அசையாது, விலை குறையாது, எவருக்கும் நட்டமில்லை. அன்பர் நம் முகத்தையே பார்த்தார். உண்மையில் அவர் கேட்க வந்த கேள்வி இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

வேண்டாம் என்றோம். சில கிலோமீட்டரால் எஞ்சின் தேயப்போவதில்லை என்பது மெய். ஆனால் வாங்குகிறவர் விலை கொடுப்பது அந்த எண்ணின் உண்மைக்கு. கேபிளைக் கழற்றினால் 11,000 என்பது வெறும் உருளைகளில் எழுதிய இலக்கம்; தந்தையார் உண்மையில் ஓட்டிய தூரமும் அத்துடன் பொய்யோடு கலந்துவிடும். பதிவையும் தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் புதுப்பியுங்கள். பிரேக்கையும் டயரையும் மாற்றுங்கள். தாயாரை அழைத்துச் செல்லுங்கள். பிறகு அந்தப் பயணத்தைச் சேகரிப்பாளருக்கு உள்ளபடி எழுதுங்கள் என்றோம். "விலையைக் குறைச்சிட்டா?" என்றார். குறைக்கக்கூடும், அவர் குறைக்க மாட்டார் என்று உறுதி சொல்ல நம்மால் இயலாது என்றோம். மகளின் கட்டணத்திற்கு வேறு வழி தேட நாமும் துணை நிற்பதாகச் சொன்னோம். அது எவ்வளவு தூரம் கைகூடும் என்ற கவலை நமக்கும் உண்டு.

அவர் உடனே தலையசைக்கவில்லை. இரு வாரம் கழித்துப் போனபோது வண்டி தார்ப்பாய் நீங்கிக் கட்டைகளின்மேல் நின்றது; நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டிருந்தன. பின்னிருக்கை வசதியாயிருக்குமே என்று தாயாரிடம் சொல்லிப் பார்த்தோம். முன்னிருக்கைதான் தம் இடம் என்றார்.