அறியாமை குற்றமாகுமா?

சென்ற கோடை விடுமுறையில் அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு ஆசிரமத்திற்கு வந்திருந்தார். பத்து வயதுச் சிறுமி. வணங்கி எழுந்தவள் சட்டென்று, "சுவாமிஜி, தெரியாமல் ஓர் உயிரைக் கொன்றால் அது பாவமா?" என்று கேட்டாள். தந்தை சங்கடத்துடன் நெளிந்தார். பிறகு அவரே நடந்ததைச் சொன்னார்.

பிறந்தநாளுக்காக அவளுக்கு ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும், 12 செந்நிற அலங்கார இறால்களும் வாங்கித் தந்திருக்கிறார். தொட்டியில் நீர் நிரப்பிய அன்று மாலையே இறால்களையும் விட்டாயிற்று. குழந்தை மூன்று வேளையும் உணவிட்டாள். நீர் பளிங்குபோலத் தெளிந்தே இருந்தது. பத்தாம் நாளுக்குள் ஒன்றுகூட எஞ்சவில்லை. "நான் அன்போடுதானே போட்டேன்?" என்பது அவளது இரண்டாவது கேள்வி.

'அறியாமல் செய்தது பாவமாகாது, அம்மா' என்று கூறி அனுப்பியிருக்கலாம். ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் அவள் ஆறுதலைக் கேட்கவில்லை, விடையைக் கேட்டாள். கடிதம் எழுதுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, இறால்களைப் பற்றிச் சில நூல்களைப் புரட்டினேன்.

இவ்வினத்தின் தாயகம் சீனாவும் தைவானும். நீளம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். ஆயுள் ஓரிரு ஆண்டுகள். ஓடைகளில் இது மங்கிய பழுப்பு நிறத்தில், கற்களோடும் இலைகளோடும் கலந்து கண்ணில் படாமல் வாழ்வது. செந்நிறமோ மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து வருவித்தது. நமது கண்ணின்பத்திற்காக அதன் மறைவிடத்தையே பறித்துவிட்டோம். இனி அது நம் காவலில்தான் வாழ்ந்தாக வேண்டும்.

ஓடையில் கழிவை நீரோட்டம் கொண்டுசெல்கிறது. தொட்டியில் அது எங்கே போகும்? மிஞ்சிய உணவும் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை வேரூன்ற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பளிங்குபோன்ற நீரும் நஞ்சாகலாம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் 'சுத்தமாக' அலசினாலோ, குளோரின் இந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மீனுக்கு இடும் சில மருந்துகளில் உள்ள தாமிரமும் இறாலுக்கு எமன். தோலுரிக்கும் பருவத்தில் நீரில் போதிய சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரே நேரத்தில் நீர் முழுவதையும் மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே தோலுரிப்பு தவறி மடிவதுண்டு. பழைய ஓட்டைக்கூட உடனே அகற்றக்கூடாது. அதைத் தின்று இழந்த சத்தை மீட்டுக்கொள்ளும். உணவோ மிகக் குறைவாகப் போதும். இலைகளிலும் கற்களிலும் படரும் மெல்லிய பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும்.

'இறால் வளர்ப்பு' என்கிறோம். மொழிபெயர்ப்பே தொழிலாகிப்போன எனக்கு இச்சொல் உறுத்துகிறது. நாம் வளர்க்க வேண்டியது நீரை. இறால் தானே வளரும்.

அறியாமையால் விளைந்த செயலைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் நுட்பமாக ஆராய்கிறார். அறிந்துகொள்ள வழியில்லாத அறியாமை வேறு. கவனம் எடுத்திருந்தால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை வேறு. பின்னது பழிக்கு உரியது. செயலுக்குப் பின் வருந்துகிறவனையும், வருந்தாதவனையும்கூட அவர் ஒன்றாக வைப்பதில்லை. இந்த அளவுகோலால் பார்த்தால், பத்து வயதுக் குழந்தைக்கு நைட்ரைட் தெரிய வழியில்லை. அவள் வருந்தவும் செய்தாள். அவள் குற்றவாளி அல்லள். ஆனால் தந்தைக்குக் கேட்டறிய வழியிருந்தது. விற்றவருக்கோ தெரிந்தே இருந்திருக்கும். உயிர் ஒன்றை அடைத்து வைப்பவர், ஓடை செய்துவந்த வேலை முழுவதையும் தம் பொறுப்பாக ஏற்கிறார். அன்பு அந்த வேலையைச் செய்துவிடாது.

இவ்வளவையும் எழுதினேன். தந்தையைப் பற்றிய வரியை இருமுறை அடித்துவிட்டு மூன்றாம் முறை அப்படியே விட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் வளர்க்காமலிருப்பதே நல்லதா, சுவாமிஜி?" என்று பதில் எழுதினார். அதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் மத்தானோ என்ற ஆழமான ஏரி இருக்கிறது. வெண்புள்ளிகள் கொண்ட சிவப்பு இறாலினம் ஒன்று அங்கு மட்டுமே வாழ்ந்தது. 2009-இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் பெருகிய அந்த ஏரியில் அது அற்றுப்போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் அஞ்சுகின்றனர். ஆர்வலர்களின் தொட்டிகளில் அது இன்னும் இனம் பெருக்கி வருகிறது. தொட்டி அங்கே சிறையா, புகலிடமா? அதை நியாயமாகக் கொண்டு எல்லோரும் வளர்க்கலாம் என்று சொல்ல மாட்டேன். வேண்டாம் போனால் குளத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணுபவர் நிச்சயம் வளர்க்கக்கூடாது.

சென்ற வாரம் சிறுமியின் கடிதம் வந்தது. தொட்டியில் நீரும் பாசியும் மட்டும் இருக்கின்றனவாம். ஐந்தாவது வாரம் நடக்கிறதாம். தினமும் மாலையில் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறாளாம். "காலித் தொட்டிக்கு எதற்கடி விளக்கு?" என்று பாட்டி கேட்கிறாராம்.