விரதம் முடிஞ்சதும் எடை ஏறினா, அது யார் தப்பு?



கந்த சஷ்டி முடிஞ்சு ஒரு மாசம் ஆனாப் போதும், நம்ம பிள்ளைங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வரும். "அண்ணா, 48 நாள் விரதத்துல நாலு கிலோ குறைஞ்சுது. இப்ப அஞ்சு கிலோ ஏறிடுச்சு. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?" ஒரு தங்கச்சி, "முருகன் முன்னாடி நிக்கவே கூச்சமா இருக்குண்ணா"ன்னு சொல்லிட்டாங்க.

வெறும் எடையைப் பத்தின கேள்வின்னா டாக்டர்கிட்ட அனுப்பிடலாம். ஆனா இங்க கேட்கறது வேற. உடம்பு பெருத்தா அது ஒழுக்கக் குறைவா? தட்டு முன்னாடி தோத்தா பக்தியிலயும் தோத்த மாதிரியா? என் பதில், இல்லை. ஆனா "பரவாயில்ல, விடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா அந்தக் கூச்சம் போகாது. அதனால கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

முதல்ல, விரத நாள்ல உங்களால எப்படி முடிஞ்சுது?

வீட்டைக் கழுவி விட்டாச்சு. அசைவம் சமைக்கிற பாத்திரமெல்லாம் பரணுக்குப் போயாச்சு. அப்பா ராத்திரி வரும்போது பரோட்டா பார்சல் வாங்கிட்டு வர்றதில்ல. ஆபீஸ்ல "விரதம் இருக்கேன்"னு ஒரே வார்த்தை சொன்னீங்க, கேக் நீட்டின கை தானா பின்னாடி போயிடுச்சு. "ஒரு பீஸ்தானே, என்ன ஆகிடப் போகுது"ன்னு ஒருத்தர்கூட கேட்கலை. சாயங்காலம் பசி கிள்ளுற நேரத்துல கோயில்ல பத்துப் பேரோட உட்கார்ந்து பாராயணம். இத்தனைக்கும் கந்த சஷ்டி ஆரம்பிக்கிறது தீபாவளி அமாவாசைக்கு மறுநாள். வீடு முழுக்க அதிரசமும் முறுக்கும் இருக்கிற நேரம்! அந்த டப்பாவை யாரோ ஒருத்தர் மூடி, உங்க கண்ணுல படாத இடத்துல எடுத்து வைக்கிறாங்க. அந்த "யாரோ ஒருத்தரை" நாம கணக்குலயே சேர்க்கறதில்ல.

ஆக, நீங்க தனியா மனசோட சண்டை போட்டு ஜெயிக்கலை. வீடு, ஆபீஸ், தெரு எல்லாம் உங்களுக்காகக் கொஞ்சம் ஒதுங்கி நின்னுச்சு. விரதம் முடிஞ்ச மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. மனசு அதே மனசுதான். மாறினது சுத்தி இருந்தது.

இதை அமெரிக்காவுல சோதிச்சே பார்த்திருக்காங்க. 2019-ல அந்த நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் என்கிற ஆய்வாளர் குழு, 20 பேரை நாலு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வச்சாங்க. ரெண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரி சாப்பாடு. ரெண்டு வாரம் ஃபாக்டரியில தயாராகி பாக்கெட்ல வர்ற வகை. முன்னாடி வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். "வேணும்கிற அளவு சாப்பிடுங்க"ன்னு விட்டுட்டாங்க. பாக்கெட் சாப்பாடு வாரங்கள்ல அவங்க தினமும் சுமார் 500 கலோரி அதிகமாச் சாப்பிட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினாங்க. மத்த ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட அதே அளவு இறங்கினாங்க. அதே 20 பேர்தான். ரெண்டு வாரம் ஒழுக்கம் கெட்டு, அடுத்த ரெண்டு வாரம் திரும்பி வந்துதா?

நம்ம ஊருக்கே வருவோம். 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல பெரியவங்கள்ல 39.5 சதவீதம் பேருக்கு வயித்துப் பருமன் இருக்கு. நூறு பேருக்கு நாப்பது! நம்ம தாத்தா காலத்துல இருந்த மனவுறுதி இந்த நாப்பது பேருக்கும் ஒண்ணா காணாமப் போச்சுன்னு நம்ப முடியுதா? தாத்தாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு படுக்கையில இருந்தே பிரியாணி வரவழைக்கிற வழி இல்ல, அவ்வளவுதான். இன்னைக்கு 300 மில்லி கோலா ஒண்ணுல 30 கிராமுக்கு மேல சர்க்கரை. சர்க்கரையை ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள வச்சுக்கிட்டா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாகத்துக்குக் குடிச்ச ஒரு பாட்டில்லயே அந்த நாள் கணக்கு முடிஞ்சுது.

சரி, மனவுறுதி அதிகமா இருக்கிறவங்க தப்பிச்சுடுவாங்களா? இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் மின்னசோட்டா. 1944-ல, இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, ஆன்சல் கீஸ் என்கிற விஞ்ஞானி 36 இளைஞர்களை வச்சு ஒரு சோதனை நடத்தினார். போர் முடிஞ்சா பட்டினியில கிடக்கிற மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான். அந்த 36 பேர் யார் தெரியுமா? "மனசாட்சிக்கு விரோதமா ஆயுதம் தூக்க மாட்டோம்"னு மறுத்தவங்க. ஊரே போருக்குக் கிளம்பும்போது தனியா நின்னவங்க. மனவுறுதியில அவங்களுக்கு என்ன குறைச்சல்? 24 வாரம் பாதிச் சாப்பாடு கொடுத்தாங்க. எடை கால்வாசி குறைஞ்சுது. கூடவே அவங்க பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாவே மாறிப்போச்சு. சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிச்சாங்க. சோதனை முடிஞ்சு கட்டுப்பாட்டைத் தளர்த்தினப்போ, வயிறு நிறைஞ்ச பிறகும் பசி அடங்கலை.

உடம்புக்கு நீங்க டயட் இருக்கீங்களா, பஞ்சத்துல மாட்டிக்கிட்டீங்களான்னு தெரியாது. பஞ்சம்னே எடுத்துக்கும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். வேகமா இறக்கின எடை வேகமா திரும்பறதுக்கு இது பெரிய காரணம். இப்ப எடை குறைக்கிற ஊசிகள் வந்திருக்கு. அது "ஏமாத்து வேலை"ன்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கலை. ஒரு ஊசி போட்டா சாப்பாட்டு நினைப்பு அடங்குது, நிறுத்தினா பலருக்குத் திரும்ப வருதுன்னா, நாம குணம்னு திட்டிக்கிட்டு இருந்ததுல பாதி வெறும் ரசாயனம்தானே?

"அப்போ என் பொறுப்பு ஒண்ணுமே இல்லையாண்ணா?"

இருக்கு. ஆனா அது நாம தேடுற இடத்துல இல்ல. ராத்திரி பசியோட ஃபிரிட்ஜைத் திறக்கிற அந்த நிமிஷத்துல உங்களை நீங்களே திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஞாயித்துக்கிழமை மளிகைக் கடையில பைக்குள்ள என்ன போட்டீங்க, அங்க இருக்கு உங்க பொறுப்பு. விரதத்துல இருந்து எடுத்துக்க வேண்டியது பட்டினியை இல்ல, அந்த ஏற்பாட்டை. சாப்பாட்டு ஆப்பை போன்ல இருந்து தூக்குங்க. சாயங்காலப் பசிக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ முன்னாடியே தயாரா இருக்கட்டும். மிக்சர் டப்பா பரண்ல ஏறட்டும். வாரத்துல எந்த நாள் வெளியில சாப்பிடறதுன்னு வீட்டுல பேசி வச்சுக்கங்க. மாசம் ஒரு கிலோ குறைஞ்சாலும் போதும், குறையாம அப்படியே நின்னாலும் நல்லதுதான். சென்னையில இருந்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006-ல வெளிவந்துது. சர்க்கரை நோயின் விளிம்புல இருந்தவங்க நடையும் சாப்பாட்டு மாத்தமும் செஞ்சதுல நோய் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது. அவங்க எடை பெருசா குறையவே இல்ல. மெஷின்ல முள் நகரலைன்னு நடையை நிறுத்திடாதீங்க.

பொறுப்புல இன்னொரு பங்கு கூட இருக்கிறவங்களுக்கு. விரதம்னா மதிச்சு ஒதுங்குற அதே ஆளுங்க, "டாக்டர் குறைக்கச் சொன்னார்"னு சொன்னா ஏன் கேக்கை வாயில திணிக்கிறாங்க? கல்யாண வீட்டுல பார்த்ததும் "என்னடி, இப்படி ஊதிட்ட"ன்னு ஆரம்பிக்கிறதும், அதே வாயால "இன்னும் ரெண்டு ஜிலேபி வச்சுக்கோ"ன்னு சொல்றதும் நம்ம ஊர்லதான் நடக்கும்.

பஞ்சாமிர்தம் சாப்பிடலாமான்னும் கேட்கறீங்க. ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு மலை ஏறினவர்கிட்ட போய் இதைக் கேட்கணுமா! உள்ளங்கையில ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு யாரும் பெருக்கலை. டப்பாவை வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சு, தினம் ஸ்பூனோட போறதுதான் விஷயம்.

எடைக்காக விரதம் இருக்காதீங்கன்னும் சொல்வேன். காலையில எழுந்ததும் மெஷின்ல ஏறிப் பார்த்தா, யாருக்காக விரதம்? அந்தத் தங்கச்சிக்கும் இதான் சொன்னேன்: நீங்க முருகனுக்காக இருந்த 48 நாளும் அப்படியே இருக்கு, கிலோ திரும்பி வந்ததால அதுல ஒரு நாள்கூடக் கழியலை. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம பட்டினி இருக்கவே கூடாது. அவர் அதைக் கேட்கவும் இல்ல.

கடைசியா ஒண்ணு. நம்ம வீடுகள்ல அதிகமா எடை கூடுறது அம்மாவுக்குத்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில மிச்சம் இருக்கிறதைக் கொட்ட மனசு வராம, பசி இல்லாட்டியும் நின்னுக்கிட்டே வழிச்சுச் சாப்பிடுவாங்க. அன்னத்தை வீணாக்கக் கூடாதுங்கறது நல்ல வழக்கம்தான், ஆனா அந்த வழக்கத்தோட முழு பாரத்தையும் ஒருத்தர் வயித்துல ஏத்தி வச்சிருக்கோம். இன்னைக்கு ராத்திரி அரிசி அளக்கும்போது அரை ஆழாக்கு குறைச்சுப் போடச் சொல்லுங்க. அப்புறமும் மிஞ்சினா, தண்ணி ஊத்தி வைங்க, காலையில பழைய சோறா ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துக்கலாம்.