மீதி எவ்வளவு?

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியேறும்போது பழைய வகைப் பயண அட்டையைத் தட்டினால் சின்னத் திரையில் இரண்டு எண்கள் தெரியும்: இந்தப் பயணத்துக்குப் போன பணம், அட்டையில் மிஞ்சியிருக்கும் பணம். நின்று படிக்க நேரமில்லை. பின்னால் ஆள் நெருக்குவார். போகிற போக்கில் ஓரக்கண்ணால் பார்ப்பதுதான். 2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட ஓர் அறிவிப்பு அந்த எண்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தது. முழுக் கட்டணம் செலுத்துவோரின் பழைய ஈசி-லிங்க் அட்டைகள் ஜூன் முதல் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாறியாக வேண்டும், மாறியபின் வாயிலில் மீதித் தொகை தெரியாது, வேண்டுமானால் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

பொதுவாக அரசு சொன்னால் மாறிக்கொள்ளும் ஊர் இது. அந்தத் தடவை மாறவில்லை. நிலையங்களில் வரிசை நீண்டது, காப்பிக்கடைகளில் இதே பேச்சு. இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22 அன்று, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவைத் திரும்பப் பெற்றார். பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி ஆகும் என்றும் சொன்னார்.

அந்த மீதி எண் மக்களுக்கு இவ்வளவு முக்கியம் என்பது அதிகாரிகளுக்குப் புரியாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. அவர்கள் கையில் இருந்த கணக்கு சரியானது. முழுக் கட்டணப் பயணங்களில் மூன்றில் இரண்டு ஏற்கெனவே புதிய முறையில்தான் நடந்துகொண்டிருந்தன; மக்களே மாறிவிட்டார்கள் என்று தோன்றியிருக்கும். தொழில்நுட்பக் காரணமும் பொய்யில்லை. பழைய அட்டையின் சில்லுக்குள்ளேயே பணக்கணக்கு இருக்கிறது. வாயில் அதைப் படித்து, கழித்து, காட்டிவிடுகிறது. புதிய முறையில் அட்டை வெறும் அடையாளம்தான். கணக்கு எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. அங்கே கேட்டு வாங்கி வாயிலில் காட்டச் சில வினாடிகள் கூடுதலாகும். காலை எட்டரை மணிக்கு தோபி காட் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் சில வினாடி என்றால் கூட்டம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேகம் எனக்கும் வேண்டும்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஏன் மாறாமல் இருந்தது என்பதை என் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாவிடம் பேசியபோதுதான் ஓரளவு பிடிபட்டது. ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. வாரத் தொடக்கத்தில் ஒரு தொகையை அட்டையில் ஏற்றிவிடுவார். அது வாரம் முழுக்க வர வேண்டும். எண் இறங்க இறங்க, வெள்ளிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகலாமா வேண்டாமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். "செயலியில் பார்க்கலாமே அம்மா" என்றேன்.

"அது மவன் போன்லதான் இருக்கு தம்பி. மீதி எவ்வளவுன்னு அவனைக் கேக்கணும். நான் எங்க ஏறினேன், எங்க எறங்கினேன்னு அதுல எல்லாம் வருதாம். அவனுக்கு எதுக்கு அது?"

மகன் நல்லவன்தான். அம்மாவின் மனத்தாங்கல் அவனைப் பற்றியதல்ல. தன் உழைப்பில் வந்த காசு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும், போகிற வழியில் தன் நடமாட்டத்தையும் ஒப்படைக்க வேண்டும். செயலியை வடிவமைப்பவர்கள் ஆளுக்கொரு கைபேசி, கைபேசிக்கொரு ஆள் என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் வீடுகள் அப்படியா இருக்கின்றன? ஒரு பிள்ளையின் கைபேசியில் அப்பாவின் வங்கி, அம்மாவின் மருத்துவமனைச் சீட்டு, பாட்டியின் பயண அட்டை எல்லாம் குடியிருக்கின்றன. பெரியவர்களின் சின்னச் சின்ன ரகசியங்களுக்கு இதில் இடமே இல்லை. அந்த வாயில் திரை அவரிடம் மட்டும் பேசியது, ஒரு நொடி காட்டிவிட்டு மறந்தும் போனது.

முன்பணம் கட்டிவிட்டு இருட்டில் நிற்பது வேறு ஊர்களிலும் உண்டு. இந்தியாவில் 2019 மார்ச்சில் வந்த தேசியப் பொதுப் பயண அட்டையில் இணையத்தில் பணம் ஏற்றினாலும், நிலையத்தில் ஒரு கருவியில் வைத்து அதை அட்டைக்குள் எழுதினால்தான் வாயில் திறக்கும். வங்கியிலிருந்து பணம் போய்விட்டது என்று குறுஞ்செய்தி வரும். அட்டையோ காலி என்னும். அந்த இடைவெளியில் பணம் எங்கே இருக்கிறது என்று பயணிக்கு யார் சொல்வது? முதல்முறை வருபவர் திருடு போய்விட்டதாகவே நினைப்பார்.

தமிழ்நாட்டுப் பேருந்துகளில் தொங்கி வளர்ந்தவன் நான். சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையைக் கிறுக்கிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் மறந்தால் போனதுதான். மறக்கட்டும் என்று காத்திருந்த கண்டக்டர்களும் உண்டு. அதைப் பொற்காலம் என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். இருந்தாலும், "எட்டு ரூபாய் வரணும் சார்" என்று சண்டைக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு என் கையில் இருந்தது. அவர் எழுதியது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அட்டையில் பிரச்சினை வரும்போது கருவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைக் கருவி கேட்காது.

கருவியால் பெருந்தன்மை முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1997-ல் வந்த ஹாங்காங்கின் ஆக்டோபஸ் அட்டையில் மீதி போதாமல் போனாலும் ஒரு பயணத்தை முடிக்க விடுவார்கள். இப்போதைய அட்டைகளில் 50 ஹாங்காங் டாலர் வரை கடனில் போகலாம். அடுத்த முறை பணம் ஏற்றும்போது கழிந்துவிடும். தெருமுனை மளிகைக்கடை நோட்டுப் போல. அட்டை வாங்கும்போது கொடுக்கும் முன்வைப்புத் தொகை இருப்பதால் நிறுவனத்துக்கு நட்டமும் அதிகமில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இரவு கடைசி ரயிலுக்குக் கையில் காசில்லாமல் வருகிறவரை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்த 40 மில்லியன் வெள்ளி வீண்செலவு, சில பேரின் பிடிவாதத்துக்காக ஊரே பணம் கட்டுகிறது என்று சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. சிங்கப்பூரின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 59 லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏழு வெள்ளிக்கும் குறைவு. அந்த அம்மா மகனைக் கேட்காமல் தேக்காவுக்குப் போய்வர என் பங்கு ஏழு வெள்ளி என்றால், நான் சந்தோஷமாகத் தருவேன்.